மெஷினா, கொயினா, வங்கிக் கணக்கா? ஆறு இலட்சத்தோடு ஒரு யோசனை

போன மாதம் தங்கச்சியின் மகன் கடைக்கு வந்தான். வெளிநாட்டு ஆட்களுக்கு லோகோ, போஸ்டர் என்று டிசைன் செய்து கொடுக்கிற பெடியன். மூன்று வருடமாகச் சேர்த்த காசு ஆறு இலட்சம் கையில் இருக்கிறது. "மாமா, இதைச் சும்மா வங்கியில் போடாமல் கிரிப்டோவில் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒரு கூட்டாளி மைனிங் மெஷின் விற்கிறான்" என்றான்.

திருகோணமலையில் கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருப்பவனிடம் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. உவர்மலையில் இருந்து ஒரு ஆசிரியர், கிண்ணியாவில் இருந்து ஒரு நானா, நிலாவெளியில் ஹோட்டல் வேலை பார்க்கிற தம்பிமார் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். மருமகனுக்குச் சொன்னதை அவர்களுக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

அவன் முன்னால் இருந்த வழிகள் நான்கு. பழைய மைனிங் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டில் ஓட்டுவது. போனிலேயே "மைனிங் பக்கேஜ்" வாங்குவது. பிட்கொயினோ, ஒரு டொலருக்கு ஈடாக நிற்கும் யூஎஸ்டிடி என்ற கொயினோ நேரடியாக வாங்கி வைத்திருப்பது. அல்லது காசை வங்கியில் வைத்துவிட்டு, வேலைக்கான சம்பளத்தை மட்டும் எந்த வழியில் எடுப்பது என்று யோசிப்பது. நான்கையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: போட்ட காசு ரூபாயாகத் திரும்பி உன் கைக்கு வரும் வழி எது, அந்த வழியில் யார் யார் நிற்கிறார்கள்?

மெஷினில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆட்கள் பெரிய காசைக் கொட்டுகிறார்கள்.

மைனிங் என்றால் என்ன என்று சரியாக விளங்காமலே பலர் அதைப் பேசுகிறார்கள். பிட்கொயின் வலையமைப்பில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை புதிய பிளாக் ஒன்று, அதாவது கொடுக்கல் வாங்கல்களின் ஒரு கட்டு, கணக்கேட்டில் சேர்கிறது. அதைச் சேர்க்கும் உரிமைக்காக உலகம் முழுவதும் உள்ள மெஷின்கள் ஒரு எண்ணைக் கண்மூடித்தனமாக ஊகித்துக்கொண்டே இருக்கின்றன. முதலில் சரியான எண்ணைப் பிடிப்பவருக்குப் பரிசு. 2024 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பரிசு 3.125 பிட்கொயின், அதற்கு முன்பு 6.25. ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒரு தடவை அது பாதியாகும். மெஷின்கள் கூடினால், 2016 பிளாக்குகளுக்கு ஒரு தடவை, அதாவது இரண்டு கிழமை அளவில், புதிர் தானாகவே கடினமாகிவிடும். ஆகவே உலகத்தில் யாரோ ஒருவர் புதிய மெஷின்களை இறக்கினால், உங்கள் வீட்டு மெஷினின் பங்கு நீங்கள் ஒன்றும் செய்யாமலே குறையும்.

மருமகனின் கூட்டாளி விற்க வந்தது ஆன்ட்மைனர் எஸ்19 புரோ. வேகம் நொடிக்கு 110 டெராஹாஷ், இழுக்கும் மின்சாரம் 3,250 வாட். ஒரு ஹாஷ் என்பது ஒரு ஊகம், ஒரு டெராஹாஷ் ஒரு இலட்சம் கோடி ஊகம். 2025-ல் வலையமைப்பின் மொத்த வேகம் 1,000 எக்ஸாஹாஷைத் தாண்டிவிட்டது. ஒரு எக்ஸாஹாஷ் என்பது பத்து இலட்சம் டெராஹாஷ். கடை மேசையில் ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 144 பிளாக், மொத்தப் பரிசு 450 பிட்கொயின். அதில் இந்த மெஷினின் பங்கு ஏறக்குறைய 0.00005 பிட்கொயின். ஒரு பிட்கொயின் ஒரு இலட்சம் டொலர், ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 1,500 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மாதத்துக்கு 45,000 ரூபாய் அளவில்.

அதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. அப்புறம் மற்றப் பக்கத்தை எழுதினோம். 3,250 வாட், 24 மணி நேரம், 78 யூனிட். மாதத்துக்கு 2,340 யூனிட். யூனிட் 60 ரூபாய் என்று வைத்தால் கரண்ட் பில் மட்டும் 1,40,400 ரூபாய். உங்கள் பில்லில் கடைசிப் படியில் யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று எடுத்துப் பார்த்து, 60-க்குப் பதிலாக அதைப் போட்டுக்கொள்ளுங்கள். யூனிட் 19 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் இந்த மெஷின் கரண்ட் காசையாவது சரிக்கட்டும். பிட்கொயின் விலை இரட்டிப்பானாலும் 90,000 வரும், 1,40,000 போகும். புதிய எஸ்21 மெஷின் இதைவிடச் சிக்கனம், 3,500 வாட்டில் 200 டெராஹாஷ் தரும். அதற்கும் யூனிட் 32 ரூபாய்க்குக் கீழே வர வேண்டும். மெஷின் விலையைக் கணக்கில் சேர்க்காமலே.

"பூலில் சேராமல் தனியாக ஓட்டினால் முழுப் பிளாக்கும் எனக்குத்தானே மாமா?" என்று கேட்டான். பூல் என்பது பலர் மெஷின்களைச் சேர்த்து ஓட்டி, பரிசைப் பங்கிடுவது. சரி, தனியாக ஓட்டுவதையும் பார்த்தோம். அந்த வேகத்தில் ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக 170 வருடத்துக்கு மேல் ஆகும்.

சோலார் போட்டால் கரண்ட் இலவசம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பனல் நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். 78 யூனிட்டுக்கு இருபது கிலோவாட் வேண்டும், இரவு ஓட்ட பட்டரியும் வேண்டும். அப்படி ஒரு கூரையும் காசும் உள்ளவர், அந்தக் கரண்டை மின்சாரம் விநியோகிப்பவர்களுக்கு விற்றால் மெஷின் சத்தம் இல்லாமலே மாதா மாதம் காசு வரும்.

இன்னொரு விஷயம் கணக்கில் வராது, கண்ணால் பார்த்தால்தான் விளங்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு பாலையூற்றுப் பக்கம் இருந்து ஒருவர் இதே வகை மெஷினை ஓட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். கடற்கரைக்குக் கிட்ட உள்ள வீடு, பின் அறையில் தகரக் கூரைக்குக் கீழே ஓட்டியிருக்கிறார். மூடியைக் கழற்றினேன். நான்கு ஃபேன்களின் இதழ்களிலும் உப்பும் தூசியும் சேர்ந்து பசை மாதிரி ஒட்டியிருந்தது. உள்ளே மூன்று போர்ட்களில் ஒன்றின் செப்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பு. இந்த மெஷின் ஒவ்வொரு நிமிடமும் அறைக் காற்றை அள்ளி அள்ளித் தனக்குள்ளே ஊதிக்கொள்கிறது. நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. கச்சான் காலத்தில் மத்தியானம் 35 பாகையைத் தாண்டும், அதற்கு மேலே 3,250 வாட் சூடும் அதே அறைக்குள். அவர் அதைச் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் மாட்டியிருந்தார். மெஷின் இழுப்பது 14 அம்பியர். பிளக்கின் ஒரு கால் கருகி, பிளாஸ்டிக் உருகி, சொக்கெட்டின் பாதியோடு சேர்ந்து வந்திருந்தது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். மெஷினை விட அந்தப் பிளக்கைத்தான் நான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். 75 டெசிபெல் என்று தாளில் போட்டிருப்பார்கள். வெக்யூம் கிளீனர் ஒன்று இரவு பகலாக நிற்காமல் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாம் நாள் வந்து கதவைத் தட்டுவார், அதில் நியாயமும் இருக்கும்.

வீட்டில் கிடக்கிற கேமிங் கம்பியூட்டரில் ஓட்டலாமா என்றும் சில பெடியன்கள் கேட்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டில் மைனிங் செய்து காசு பார்த்த காலம் ஒன்று இருந்தது, எதீரியம் என்ற இன்னொரு கொயினில். 2022 செப்டம்பர் 15-ஆம் திகதி எதீரியம் மைனிங்கை முற்றாக விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கார்டுகளுக்கு மைனிங்கில் பெறுமதியான வேலை இல்லை. மைனிங்கில் ஓடித் தேய்ந்த கார்டு மலிவாக வருகிறது என்று வாங்கி வந்து என்னிடம் திருத்தக் கொடுத்தவர்கள் பலர்.

இரண்டாவது வழி, அந்தப் பக்கேஜ்: போன் மைனிங், கிளவுட் மைனிங் என்று விற்பது. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் இதில் மாட்டுபவர்கள் மெஷின் வாங்கும் ஆட்கள் இல்லை. நகையை அடகு வைத்து 25,000 கொண்டுவரும் அம்மாமார். கிண்ணியா நானா காட்டிய அப்பில் "நாளுக்கு 2 வீதம்" என்று இருந்தது. நாளுக்கு 2 வீதம், எடுக்காமல் விட்டால், ஒரு வருடத்தில் 1,377 மடங்கு. 25,000 ரூபாய் 3 கோடி 44 இலட்சம் ஆக வேண்டும். அந்தக் கணக்கை அவருடைய போனிலேயே போட்டுக் காட்டினேன். நானா போனை மேசையில் வைத்துவிட்டு, "என்னை இதில் சேர்த்தது என் மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

போனுக்குள் உண்மையில் மைனிங் நடப்பதில்லை. போனில் மைன் செய்யும் அப்களை கூகுள் 2018-லேயே தன் பிளே ஸ்டோரில் தடை செய்துவிட்டது. திரையில் ஏறும் எண்ணைத் தவிர அங்கே பெரும்பாலும் வேறொன்றும் இல்லை. "வேறொரு நாட்டில் எங்கள் மெஷின்கள் ஓடுகின்றன" என்பவர்களும் புதிதல்ல. பிட்கிளப் நெட்வொர்க் என்று ஒன்று 2014-ல் இருந்து மைனிங் பங்கு விற்றது. 2019 டிசம்பரில் அமெரிக்காவில் வழக்குப் போட்டபோது சொன்ன தொகை 72 கோடி 20 இலட்சம் டொலர். ஆட்களைச் சேர்த்தால் கமிஷன் என்ற அதே முறைதான் அங்கேயும். நம் நாட்டில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டங்களை நடத்துவதையும் ஆட்களைச் சேர்ப்பதையும் குற்றமாக்குகிறது. சேர்த்துவிட்ட மச்சானும் அதற்குள் வரக்கூடும். அதை நானாவிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

இந்த அப்களில் திரும்பி வரும் வழியைப் பாருங்கள். முதல் தடவை 3,000, 5,000 எடுக்க விடுவார்கள், நம்பிக்கை வர. பெரிய தொகை கேட்டால் "வரி கட்ட வேண்டும்", "கணக்கை உறுதிப்படுத்தக் காசு போட வேண்டும்" என்பார்கள். காசை எடுக்கக் காசு கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். போன் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட்டின் 101-க்கும் எடுத்து விவரம் கேட்கலாம். அப்புறம் "போன காசை மீட்டுத் தருகிறோம்" என்று டெலிகிராமில் வருபவரும் அதே கூட்டம்தான்.

மூன்றாவது, நேரடியாக வாங்கி வைத்திருப்பது. இதை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன். 2021 நவம்பரில், பிட்கொயின் 69,000 டொலர் வரை போன மாதத்தில், 50,000 ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த வருடம் அதே நவம்பரில் அது 16,000 டொலருக்கும் கீழே போனது. டொலரில் பார்த்தால் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360-ஐத் தாண்டியிருந்தது. ஆகவே என் 50,000 ரூபாய் 20,000 சொச்சமாக இருந்தது. அந்த நேரம் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல், பெட்ரோல் வரிசையில் நின்று, ரூபாய் கண்முன்னே கரைவதைப் பார்த்தவர்கள் நாங்கள். டொலருக்கு ஈடான ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை இங்கே எப்படி வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். யூஎஸ்டிடியை இவ்வளவு பேர் தேடுவதற்குக் காரணம் பேராசை மட்டும் இல்லை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். மத்திய வங்கி 2018-லும் 2021-லும் 2022 ஜூலையிலும் மக்களுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கிரிப்டோ இங்கே சட்டபூர்வ நாணயம் இல்லை, அதை நடத்த எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். 2021-ல் வந்த அந்நியச் செலாவணிப் பணிப்புரையின்படி கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ இதற்குக் காசு கட்ட முடியாது. ஆகவே வாங்குவதும் விற்பதும் பீ2பீ-யில்தான் நடக்கிறது: முகம் தெரியாத ஒருவர் உங்கள் வங்கிக் கணக்கில் ரூபாய் போடுவார், நீங்கள் கொயினை விடுவிப்பீர்கள்.

அங்கேதான் திரும்பி வரும் வழி ஒடுங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி 300 யூஎஸ்டிடி விற்றான். காசு சரியாக வந்தது. ஒன்பது நாள் கழித்து அவனுடைய வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. அந்த ரூபாய் வேறு ஊரில் ஒருவரை ஏமாற்றி எடுத்த காசாம், முறைப்பாடு வந்திருக்கிறது. சம்பளமும் அதே கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. கொழும்புக்கும் இங்கேயுமாக அலைந்து, வாக்குமூலம் கொடுத்து, கணக்குத் திறபட இரண்டரை மாதம். அவன் செய்த தவறு ஒன்றே ஒன்று: காசு போட்டவரின் பெயரும் பீ2பீ கணக்கில் இருந்த பெயரும் வேறு வேறு, அதை அவன் பார்க்கவில்லை. பெயர் பொருந்தாவிட்டால் கொயினை விடுவிக்கவே கூடாது. எஸ்எம்எஸ்ஸையும் வங்கிச் சிலிப் படத்தையும் நம்பாமல், வங்கி அப்பைத் திறந்து மீதியைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அனுப்பும்போதும் கவனம் வேண்டும். யூஎஸ்டிடி பல வலையமைப்புகளில் ஓடுகிறது. டிரொன் என்ற வலையமைப்பின் முகவரி ஆங்கில டி எழுத்தில் தொடங்கும், எதீரியத்தினது பூச்சியம் எக்ஸ் என்று தொடங்கும். வலையமைப்பு மாறினால் வங்கியில் போல மனேஜரிடம் போய்த் திருப்பிக் கேட்க ஒருவரும் இல்லை. முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். முகவரியைப் பழைய பட்டியலில் இருந்து கொப்பி செய்யவும் வேண்டாம்; முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து ஒரே மாதிரி வருகிற போலி முகவரிகளை அந்தப் பட்டியலுக்குள் நுழைத்துவிடுகிறார்கள்.

கொயினை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலேயே விட்டு வைப்பதா, நாமே சாவி வைத்திருக்கும் சொந்த வொலட்டிலா? 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோது அங்கே விட்டு வைத்தவர்கள் காசை எடுக்க முடியாமல் நின்றார்கள். சொந்த வொலட்டில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் அதன் சாவி மாதிரியான 12 சொற்கள் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. அந்தச் சொற்களை ஃபோட்டோ எடுத்து வைக்காதீர்கள், வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைக்காதீர்கள். என்னிடம் போன் திருத்தக் கொடுத்தவர்களின் கலரியில் அதைக் கண்டிருக்கிறேன். உடனே அவர்களைக் கூப்பிட்டு, வேறு வொலட் திறந்து காசை மாற்றச் சொன்னேன்.

நான்காவது வழிக்கு வருகிறேன். மருமகனின் உண்மையான வருமானம் அவனுடைய டிசைன் வேலைதான். இரண்டு வாடிக்கையாளர்கள் யூஎஸ்டிடியில் தருகிறோம் என்கிறார்கள், கட்டணம் குறைவு, பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று. அது உண்மைதான். ஆனால் பீ2பீ-யில் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் மேலே சொன்ன தம்பியின் ஆபத்து கூடவே வருகிறது. வெளிநாட்டுக் காசை வாங்கி வங்கிக்கு அனுப்பும் பேயோனியர் சேவை வழியாகவோ நேரடி வங்கிப் பரிமாற்றமாகவோ எடுத்தால் கொஞ்சம் கட்டணம் போகும், சில நாள் ஆகும். ஆனால் அது தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வரலாம், வட்டியும் உண்டு; எவ்வளவு காலம் டொலராக வைத்திருக்கலாம் என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். 2022-க்குப் பயந்து யூஎஸ்டிடி தேடுபவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு இருப்பது தெரியும் என்று நான் நினைப்பதுண்டு. வரியிலும் வித்தியாசம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து வருடம் 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை. அதற்கு மேலே போனாலும், வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வங்கி வழியாக வந்த வருமானத்துக்கு உச்ச வீதம் 15 தான். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் வங்கி பார்ப்பதும் அந்தக் கணக்கின் கூற்றைத்தான்.

ஆறு இலட்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கியில் இருக்கும் ரூபாய்க்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. அவனுடைய முழுக் காசும் அதற்குள் அடங்கும்.

நான் கொடுத்த தீர்ப்பு இதுதான். மெஷின் வேண்டாம், திருகோணமலையில் எந்த வீட்டுக்கும் வேண்டாம். பக்கேஜ் வேண்டவே வேண்டாம். சம்பளம் வங்கி வழியாக. கொயின் ஆசை இருந்தால், முழுதாகப் போனாலும் அம்மாவிடம் மறைக்கத் தேவையில்லாத ஒரு தொகைக்கு, பிட்கொயின் மட்டும். அவனே 30,000 என்று சொன்னான். பீ2பீ வேலைக்குச் சம்பளம் வராத வேறொரு வங்கிக் கணக்கு. மீதியில் ஐந்து இலட்சம் நிலையான வைப்பு, மிச்சத்துக்கு நல்ல மொனிட்டர் ஒன்று. பழைய மொனிட்டரில் நிறம் சரியாகத் தெரிவதில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் ஏற்கெனவே இரண்டு தடவை வேலையைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

வொலட்டைத் திறந்த அன்று தங்கச்சி வீட்டில் நானும் இருந்தேன். 12 சொற்களையும் பேனையால் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அலுமாரியில் காணி உறுதி இருக்கிற பைக்குள் வைத்தான். "இது என்ன புதுக் காகிதம்?" என்று தங்கச்சி கேட்டாள். ஒன்றுமில்லை அம்மா என்று தட்டிக்கழிக்கப் பார்த்தான். நான் விடவில்லை. அவனுக்கு ஏதாவது நடந்தால் இந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வது என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குசினிக் கதவடியில் பாயை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, இதை யாருக்கும் வாசித்துக் காட்டக் கூடாது என்பதில் இருந்து தொடங்கி, அவன் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவள் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, உறுதிக்குக் கீழே இருந்த காகிதத்தை எடுத்து உறுதிக்கு நடுவில் செருகி வைத்தாள்.